வசனம் தின்ற கீபோர்டு

சாலிகிராமத்தில் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி ஒரு நாள் வராவிட்டால் ஊர் ரெண்டுபடும், ஆனால் மங்கையர்க்கரசியின் லேப்டாப் விழுங்கிய வசனம் காய்கறி வண்டிக்கார ஏகவல்லியின் வாய் வழியாக வெளியே வந்த காலையில் ஒருத்தரும் பதறவில்லை, காய் வாங்க வந்தவள் இடுப்பிலிருந்த குழந்தைகூட அழவில்லை, ஏனென்றால் அந்தத் தெருவில் பாதிப் பேர் ஏதாவது ஒரு சீரியல் கல்யாணத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டவர்கள், மீதிப் பேர் ஏதாவது ஒரு சீரியல் சாவில் பின்வரிசையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியவர்கள், எங்கிருந்தோ ஒரு குரல் வசனத்தைச் சொல்லும், அதை வாங்கித் திருப்பிச் சொல்லிவிட்டு டிபன் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. இந்தத் தடவை குரல் வெளியிலிருந்து வராமல் உள்ளேயிருந்து வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஏகவல்லி அதைச் சொல்லி முடித்துவிட்டு, வெண்டைக்காயை முனை உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "ஒடைக்காத எட்துக்கினு போமா," என்று தன் சொந்த வசனத்துக்குத் திரும்பினாள்.

மாடி அறையில் குடியிருந்த மங்கையர்க்கரசிக்கு, எல்லோரும் அரசி என்று கூப்பிடுகிறவளுக்கு, வாயில் பேச்சு வராது. ஊமை என்று நினைத்துவிடாதீர்கள். நாக்கு இருக்கிறது, குரலும் நல்ல குரல்தான், ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தால் தொண்டைக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அரை கிலோ தக்காளி வாங்கிவிட்டு ஒரு கொத்து கறிவேப்பிலை கொசுறு கேட்க அவளால் முடியாது, கேட்காதவளுக்குப் போட ஏகவல்லிக்கும் வேறு வேலை இல்லையா என்ன, அதனால் அரசி வீட்டு ரசம் வருஷக்கணக்காகக் கறிவேப்பிலை இல்லாமலேயே கொதித்தது. ஆனால் அதே அரசி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் போதும், மாமியார்கள் வாயில் அருவாள் முளைக்கும், மருமகள்கள் அழுதுகொண்டே குத்துவார்கள், செத்துப்போன மாமனார்கூட போட்டோவிலிருந்து ரெண்டு வார்த்தை நறுக்கென்று சொல்லுவார். 'நெற்றிச்சுட்டி' சீரியலில் தமிழ்நாடே மதியம் வாயைப் பிளந்துகொண்டு கேட்ட வசனமெல்லாம் அவள் எழுதியதுதான்.

டைட்டிலில் வருவது மட்டும் வேறு பேர். வசனம், வசந்தரூபன். வசந்தரூபன் சார் காலையில் பூங்காவில் நடந்துகொண்டே மூச்சு வாங்க ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். "அரசி, இன்னிக்கு மாமியார் மருமகளைத் துரத்துறா. நடுவுல ஒரு காபி. முடிஞ்சா மழை." அவர் பங்கு அவ்வளவுதான். மற்றதெல்லாம் இவள் விரல். "கல்யாண டிராக் முடியட்டும்மா, உன் பேரு தனி கார்டுல வரும், எங்கம்மா மேல சத்தியம்," என்று அவர் சொல்லியிருந்தார். அந்தக் கல்யாணமோ, மணப்பெண் மயங்கி விழுந்து ஒரு தரம், போலீஸ் வந்து ஒரு தரம், செத்ததாகச் சொன்ன முதல் புருஷன் தாடியோடு வந்து ஒரு தரம் என்று நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்தி நிறுத்தி எழுதியவளும் இவளேதான், பாவம், வேறு வழி? பேர் ஒன்று வரவேண்டும், தன் பேர், திரையில், ஒரு வரியில், ஒரு வினாடி வந்தால்கூடப் போதும் என்று அவள் ஏங்கினாள். அவளுக்கு வேறு எந்த ஆசையும் கிடையாது.

அந்த நேரத்தில்தான் சார் அவளுக்கு லேப்டாப் ஒன்றைக் கொடுத்தார். ஏதோ ஷோரூமில் ரிப்பன் வெட்டப் போய் வாங்கிவந்தது. அரசியின் பழைய லேப்டாப் அம்மிக்கல் கனம், ஆனால் அதன் சாவிகள் லட்டு லட்டாக இருக்கும், விரல் விழுந்தால் டொக்கென்று பதில் சொல்லும், டீ கொட்டினாலும் துடைத்துவிட்டால் துப்பிவிட்டு வேலை செய்யும். "அதைத் தூக்கிப் போடும்மா, இது புரொஃபஷனல்ஸுக்குன்னே பண்ணது," என்றார் சார். உண்மைதான், அப்படித்தான் பெட்டியிலும் போட்டிருந்தது. ஊதினால் பறக்கும் போலிருந்தது. சாவிகள் அப்பளத்தைவிட மெல்லிசு, அழுத்தினோமா தடவினோமா என்று விரலுக்கே தெரியாது, அழிக்கிற சாவி இருக்க வேண்டிய இடத்தில் அணைக்கிற சாவியை வைத்திருந்தான் புண்ணியவான், அம்புக்குறிகள் எறும்புக்குச் செய்தவை மாதிரி. இதை வரைந்தவன் வாழ்நாளில் ஒரு பக்கம் டைப் அடித்திருக்க மாட்டான், எவனாவது டைப் அடிப்பதைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பான் என்று அரசி மனசுக்குள் திட்டினாள், வாய்விட்டுத் திட்ட அவளுக்கு வராதே.

முதல் மாதம் முடிவதற்குள் ஒரு சாவி ஒரு தரம் அடித்தால் மூன்று தரம் விழுந்தது. அடுத்து இடைவெளி விடுகிற நீளச் சாவி செத்தது. அப்புறம் அது வரிவரியாக விழுங்க ஆரம்பித்தது, அடித்தால் திரையில் ஒன்றும் வராது, சத்தம் மட்டும் வரும், வாய் மூடி மெல்லுகிற சத்தம். சர்வீஸ் சென்டரில் டை கட்டியிருந்த ஒருவர் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"டைப் பண்ணுவீங்களா மேடம் இதுல?"

"ம்."

"தினமுமா?"

"ம்."

"அதான். ரொம்ப யூஸ் பண்ணியிருக்கீங்க. பிஸ்கட் ஏதாச்சும் பக்கத்துல வெச்சுச் சாப்பிட்டீங்களா? ஒரு தூள் போனாலும் போச்சு. சாய்ச்சுப் பிடிச்சு ஊதிப் பாருங்க. கீபோர்டை மட்டும் மாத்த முடியாது, கீழ்ப்பக்கம் மொத்தமும் மாத்தணும், பேட்டரியும் அதுலயே ஒட்டியிருக்கு, அதுவும் போகும்."

அடப்பாவி, டைப் அடிக்காமல் கீபோர்டை வைத்து முறுக்கா பிழிவார்கள் என்று கேட்க வேண்டும்போல அவளுக்குத் தொண்டை வரை வந்தது. தலையாட்டிவிட்டு வந்தாள். வெளியே ஒரு கீபோர்டு வாங்கிச் சொருகலாம் என்றால் அந்த லேப்டாப் மகராசனுக்கு இருந்தது ஒரே ஒரு ஓட்டை, அதில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கீபோர்டைச் சொருகினால் பாதி சீனில் லேப்டாப் படுத்துவிடும். பழையதை எடுக்கலாம் என்றால் சார் அதை எக்ஸ்சேஞ்சில் போட்டு வீட்டுக்கு மிக்ஸி வாங்கிவிட்டார். போனில் கட்டைவிரலால் ஒரு சீன் அடித்தாள், கட்டைவிரல் கொழுக்கட்டை மாதிரி வீங்கியது. கையால் எழுதி அனுப்பினால் அவள் கையெழுத்து அவளுக்கே புரியாது. ஆக ஊதி ஊதி, தட்டித் தட்டி, காலை வேளையில் அதிலேயே அடித்துக்கொண்டிருந்தாள்.

அப்படி ஒரு காலையில்தான், துரத்தப்படுகிற மருமகளுக்கு அவள் ஒரு வரி அடித்தாள், திரையில் வரவில்லை, கீழே தெருவில் ஏகவல்லி தன் மாமியார் வந்து வண்டியில் கை வைத்த நேரம் பார்த்துத் தலையை நிமிர்த்தி, ஒரே மூச்சில், நடுவே எங்கும் நிறுத்தாமல், "இந்தவீட்டுக்குவிளக்கேத்தவந்தவன்னுசொன்னீங்களேஅத்தைவந்தநாள்லேருந்துஅடுப்பைத்தவிரஎன்னைஎதையும்ஏத்தவிட்டீங்களா" என்றாள். நீளச் சாவிதான் செத்துப்போயிருந்ததே, மூச்சு விட இடம் எங்கே இருக்கும். மாமியார் கையிலெடுத்த கத்தரிக்காயை ஒரு தரம் திருப்பிப் பார்த்தாள். பிறகு கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு, "சாயங்காலம் நீயே ஏத்துடி," என்று போய்விட்டாள். மாடியில் அரசி ஜன்னலுக்கு ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். அந்த வரி அவளுடையது, ஒரு எழுத்து மாறவில்லை.

மத்தியானத்துக்குள் தெருவெல்லாம் வசனம். இஸ்திரி வண்டி ஜெகநாதன், ஜென்மத்தில் கட்டின பெண்டாட்டியிடம் சிரித்துப் பேசாத மனுஷன், தேய்ப்புப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "நீசமைச்சதைநல்லாருக்குன்னுஒருதரம்சொல்லியிருந்தாஎன்வாய்வெந்தாபோயிருக்கும்" என்று சொல்ல, சாப்பாடு கொண்டுவந்த அதே பெண்டாட்டி கன்னியம்மா தூக்குச்சட்டியை மூடியபடியே நின்றுகொண்டிருந்தாள். அன்று சாயந்திரமே அவள் மாடியேறி வந்தாள்.

"யம்மா அரசி, நீ ஜன்னல்ல எட்டிப் பாத்து முழிச்சத ஏகவல்லி பாத்தாளாம், நீ எழுதுறதுதானாமே? அந்த மனுசனுக்கு வாரத்துக்கு ஒண்ணு எழுதிப் போடும்மா. பெரிசா வேணாம், சின்னதா போதும்."

சிக்கல் வந்தது ஷூட்டிங் செட்டில்தான். தங்கப்பழம் என்று ஒரு உதவி இயக்குநர், தூத்துக்குடிப் பக்கம், இயக்குநர் ஆகாமலேயே தலை நரைத்தவர். சீரியலில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை, நேரம் ஏது. கேமராவுக்குப் பின்னால், விளக்குகளுக்கு அந்தப்பக்கம், இருட்டில் நின்று தங்கப்பழம் ஒவ்வொரு வரியாக உரக்கச் சொல்லுவார், வெளிச்சத்தில் நிற்கிறவர்கள் அதை வாங்கி அழுதுகொண்டோ உறுமிக்கொண்டோ அப்படியே திருப்பிச் சொல்லுவார்கள். பிராம்ப்டிங் என்று பேர். வருஷக்கணக்கில் பழகிப் பழகி அவர்களுக்கு இருட்டிலிருந்து எந்தக் குரல் வந்தாலும் வாய் தானாகத் திறக்கும், ஒரு முறை லைட்மேன் "ஒயரை மிதிக்காதீங்க" என்று கத்தியதை மாமியார் நடிகை கண்ணில் நீர் தளும்ப மருமகளைப் பார்த்துச் சொல்லி, அது ஒளிபரப்பாகி, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது தங்கப்பழத்துக்கு அரசியிடமிருந்து வந்த பக்கத்தில் "என்ன அத்தை?" "என்னது?" "ஐயோ!" இவ்வளவுதான் மிச்சம் இருந்தது. அவர் பைக்கை உதைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார், விஷயத்தைக் கேட்டார், ஒரு டீ குடித்தார். "சரித்தான்," என்றார். "இன்னைக்கு சீன் யார்கிட்டம்மா இருக்கு?"

அன்றிலிருந்து அது ஒரு முறையாகிவிட்டது. காலையில் தங்கப்பழம் டீக்கடையில் வந்து உட்காருவார், விழுங்கப்பட்ட வரி யார் வாயில் வந்ததோ அவர்கள் வந்து அவர் போனில் ரெக்கார்ட் ஆகும்படி சொல்லிவிட்டுப் போவார்கள், மாமியார் வரிகள் மாமியார்களிடமிருந்தும், வேலைபோன பையன் வரிகள் எதிர்வீட்டு என்ஜினியரிடமிருந்தும், காதலைச் சொல்லாத பெண்ணின் வரி ஒன்று, யாரும் எதிர்பார்க்காமல், பால் போடுகிற கட்டைமீசைக்காரரிடமிருந்தும் வந்தன. வரி வராதவர்கள் கோபித்துக்கொண்டார்கள். ரெண்டு நாள் தொடர்ந்து வந்தவர்கள் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்தார்கள். சில கெட்டிக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள், மனசில் இருக்கிறதையெல்லாம் எதிராளி மூஞ்சியில் கொட்டிவிட்டு, "நான் சொல்லலப்பா, அந்தம்மா கீபோர்டு," என்று கையை விரித்தார்கள். ஹவுஸ் ஓனரம்மாவும் ஒரு நாள் மாடிப்படியில் நின்று, "வீட்ட காலி பண்ணும்மா, என் பையன் வர்றான், பெயின்ட் அடிக்கணும், மோட்டார் வேற ஓடலை," என்று சொல்லிவிட்டு, "ஐயோ, கீபோர்டு!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அரசி அவளைப் பார்த்தாள். இவ்வளவு வழவழ வசனத்தை அவள் ஜென்மத்தில் எழுதியதில்லை. ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை, தலையாட்டினாள், காலி மட்டும் பண்ணவில்லை.

ஏன் சில வரி மட்டும் விழுங்கப்படுகிறது என்று அவளுக்குப் புரியவே இல்லை. உப்புச்சப்பில்லாத வரியெல்லாம் திரையில் ஜம்மென்று உட்கார்ந்தது, நல்ல வரி மட்டும் காணாமல் போனது. ஏகவல்லிதான் அதைப் போட்டு உடைத்தாள்.

"இதுல இன்னா கீது? எனுக்குள்ள கெடந்தத்த தான் அது இஸ்துகினு வந்துச்சு. எத்தினி வருசமா தொண்டையில முள்ளாட்டம் நின்னுக்கினு இருந்துச்சு தெர்யுமா? எனுக்குள்ள இல்லாதத்த எவன் வந்து சொன்னாலும் என் வாயி சொல்லாதுமா."

இதற்கு நடுவில் வசந்தரூபன் சாருக்கு நடிப்பு ஆசை பிடித்திருந்தது. கதையில் குருஜி என்று ஒரு பாத்திரத்தை நுழைக்கச் சொல்லி, காவித்துண்டு போட்டுக்கொண்டு தானே நடிக்க ஆரம்பித்து, தங்கப்பழத்தின் குரல் வந்தால்தான் வாய் திறக்கும் என்கிற நிலைமைக்கு அவரும் வந்துவிட்டார். கடைசியில் கல்யாணமும் முடிந்துதான் தொலைந்தது, தாலி கட்டியாயிற்று, சீரியல் உச்சாணிக்குப் போயிற்று, சேனல்காரர்கள் வடபழனியில் மண்டபம் பிடித்து நேரலையாக வெற்றி விழா வைத்தார்கள். விழாவுக்கு முன்னால் அரசி அவர் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். வாய் வரவில்லை. அவருக்கே புரிந்தது.

"டைட்டில் கார்டா? அதான் யோசிச்சேன்மா. இப்பல்லாம் தெருவே எழுதுதே. இஸ்திரிக்காரன் எழுதறான், காய்க்காரி எழுதறா. அவங்க பேரெல்லாம் போட முடியுமா? அது மாதிரிதான். இதுல உன் பேரு எதுக்கு? காபி சாப்பிட்டியா?"

அரசி காபி சாப்பிட்டாள்.  படியிறங்கும்போது அழுதாள். எழுதினது நானா இல்லையா, அவர்களுக்குள் கிடந்ததை நான்தானே வரியாக்கினேன், நான் அடிக்கவில்லை என்றால் அது அப்படியே கிடந்து செத்திருக்குமே என்று தெருமுனை வரைக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள், சத்தம் வராமல்.

விழாவன்று மண்டபத்தின் கடைசி வரிசையில், சேனல்காரர்களின் கேமராக்களுக்குப் பின்னால், இருட்டில், மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். ஊருக்கெல்லாம் விழா, வசனம் எழுதுகிறவளுக்கு நாளைய சீன். முன்வரிசையில் ஏகவல்லி, ஜெகநாதன், கன்னியம்மா எல்லோரும் பட்டுக் கட்டிக்கொண்டு தெருவாகவே வந்திருந்தார்கள். மேடையில் வெளிச்சம் கண்ணைக் குத்த நடிகர்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் மைக்கைப் பிடித்தபடி வசந்தரூபன் சார். பக்கத்துத் திரைக்குப் பின்னால் தங்கப்பழம் நின்று, சாரின் நன்றியுரையை ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார், சார் அதை வாங்கி நெகிழ்ந்துகொண்டிருந்தார். அந்த உரையை எழுதியது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? சேனலுக்கு நன்றி, தயாரிப்பாளருக்கு நன்றி, தெருமக்களுக்கு நன்றி, இத்தனையும் எழுதிய இந்த விரல்களுக்கு நன்றி என்று சார் தன் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். விரலைப் பற்றிய வரி அவள் எழுதியதில்லை, சார் பேனாவால் சேர்த்துக்கொண்டது.

அரசி லேப்டாப்பைத் திருப்பிக்கொண்டு அடித்தாள். நான் எழுதவில்லை, எல்லாம் அரசி எழுதியது. சாரின் வாய்க்கென்று அளவெடுத்து அடித்த வரி. விழுங்கு, சனியனே, எத்தனை வரி விழுங்கினாய், இதையும் விழுங்கு, கொண்டுபோய் அந்த வாயில் போடு என்று சாவிகளைப் பார்த்துக் கெஞ்சினாள். கீபோர்டு விழுங்கவில்லை. வாங்கின நாளிலிருந்து ஒரு வரியை ஒழுங்காக அடித்திராத அந்தக் கழுதை, செத்துப்போன நீளச் சாவி உட்பட அத்தனையும் உயிர்த்து, நான் எழுதவில்லை, எல்லாம் அரசி எழுதியது என்று, ஒரு புள்ளி பிசகாமல், இடைவெளி விட்டு, அழகாகத் திரையில் காட்டியது. மேடையில் சார் தண்ணீர் குடித்தார்.

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏகவல்லி சொன்னது அப்போதுதான் உறைத்தது. அந்த மனுஷனுக்குள் அது இல்லை. இல்லாததை எதை வைத்து இழுக்கும்? அவள் அதை எழுத்தெழுத்தாக அழித்தாள். அழித்துவிட்டு, யாருக்கு என்று நினைக்காமல், வேறு ஒரு வரியை அடித்தாள். திரையில் ஒன்றும் வரவில்லை. வாய் மூடி மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

யார் சொல்லப்போகிறார்கள் என்று அரசி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஏகவல்லி வாய் மூடியிருந்தது. கன்னியம்மா வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். திரைக்குப் பின்னால் தங்கப்பழம் அடுத்த காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தார், ஒரு நொடி மண்டபமே சும்மா இருந்தது, அந்த நொடியில் தொண்டைக்குள் சாத்தியிருந்த கதவு படாரென்று திறந்ததில் அரசி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றதுகூட அவளுக்குத் தெரியாது, "இந்தசீரியலுக்குவசனம்எழுதறதுமங்கையர்க்கரசி!" என்று அந்த நல்ல குரல் கூரையில் போய் மோதியது.

கேமராக்களுக்குப் பின்னாலிருந்து, விளக்குகளுக்கு அந்தப்பக்கம் இருட்டிலிருந்து வந்த குரல். மாமியார் நடிகைக்கு வாய் தானாகத் திறந்தது. "இந்த சீரியலுக்கு வசனம் எழுதறது, மங்கையர்க்கரசி," என்று அவள் கண் சிவக்க உறுமினாள். மருமகள் நடிகை உதடு துடிக்க அதையே சொல்லி விசும்பினாள். தாடியோடு வந்த முதல் புருஷன் கைமுஷ்டியை மடக்கிக்கொண்டு சொன்னான். வரிசையில் அடுத்து நின்ற வசந்தரூபன் சார், குருஜியாகப் பழகின பாவம், வலது கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தபடி, மைக்கில், நேரலையில், தமிழ்நாடு முழுக்கக் கேட்க, "இந்த சீரியலுக்கு வசனம் எழுதறது மங்கையர்க்கரசி," என்று கனிந்து சொல்லி முடித்தார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. சேனல் தலைவர் அதற்குள் எழுந்து கைதட்ட ஆரம்பித்துவிட்டார். பெரியவர் தட்டினால் மண்டபம் சும்மா இருக்குமா, முன்வரிசையில் ஜெகநாதன் விசில் அடித்தார், தங்கப்பழம் திரையை விலக்கிக்கொண்டு வந்து ரெண்டு கையையும் தூக்கித் தட்டினார். நேரலையில் போனதைத் திரும்ப எப்படி வாங்குவது? அடுத்த வாரத்திலிருந்து தனி கார்டில் பேர் வந்தது.

விழாவுக்கு மறுநாள் காலை ஏகவல்லியின் வண்டி வந்தபோது அரசி கீழே இறங்கிப் போனாள். அரை கிலோ தக்காளி எடுத்தாள். ஒரு எலுமிச்சம்பழம் எடுத்தாள். பையை நீட்டிக்கொண்டே நின்றாள்.

"ஏகவல்லிக்கா, ஒரு கொத்து கறிவேப்பிலை போடுங்க."

ஏகவல்லி தராசைக் கீழே வைத்தாள். மாடி ஜன்னலை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள், அப்புறம் அரசியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இத்த நீ கேக்குறியா, அந்தப் பொட்டி கேக்குதா?"

"பொட்டி மேல சார்ஜ்ல கெடக்கு. நான்தான் கேக்கறேன். நேத்து வாடினது போடாதீங்க, உள்ள ஈரத்துணியில சுத்தி வெச்சிருக்கீங்களே, அதுலேருந்து போடுங்க."

"அடியாத்தீ," என்றாள் ஏகவல்லி, சிரித்துக்கொண்டே ஈரத்துணியைப் பிரித்தாள்.